வெளிய அடிச்ச கரண்ட்டு உள்ள அடிக்கல: பிளக் கேப்பு பாக்காம மாட்டி நான் பட்ட பாடு

2011 மே மாசம், அக்னி நட்சத்திரம் நேரம், திண்டுக்கல்ல வெயில் மண்டைய பொளக்குது, புள்ளைங்களுக்கு லீவு வேற, சரி ரெண்டு நாள் கொடைக்கானல் போயிட்டு வந்துடலாம்னு கிளம்பினோம். வண்டி அப்பாவோட 92 மாடல் மாருதி 800. கார்புரேட்டர் வண்டி, டெல்கோவுக்குள்ள, அதான் பிளக்குங்களுக்கு கரண்ட்ட பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டர், அதுக்குள்ள காயில் கரண்ட்ட வெட்டி வெட்டி விடுற பாயின்ட் செட்டு இருக்கற பழசு. அப்பா இருந்த வரைக்கும் அவர்தான் எல்லாம் பாத்துப்பாரு, அவருக்கு அப்புறம் எனக்கு அந்த வண்டி மேல ஒரு பாசம், அதனால சின்ன சின்ன சர்வீஸ் எல்லாம் நானே பண்ணிக்குவேன், ஆயில் மாத்துறது, ஏர் ஃபில்டர், பிளக்கு (இன்ஜினுக்குள்ள பொறி அடிச்சு பெட்ரோல பத்த வைக்கிற ஸ்பார்க் பிளக்கு), இந்த மாதிரி. பெரிய வேலக்காரன் எல்லாம் இல்ல, ஞாயித்துக்கிழம மெக்கானிக்.

மலை ஏறப்போறோமே, பிளக்கு புதுசா போட்டுடலாம்னு நானா முடிவு பண்ணேன். பழைய பிளக்கு நல்லாத்தான் இருந்துச்சு, சும்மா கெடந்தத நோண்டி விட்டேன்னுதான் சொல்லணும். ஸ்பேர் கடைல போய் மாருதி 800க்கு மூணு பிளக்குன்னு கேட்டேன், பையன் எடுத்துக் குடுத்தான், பெட்டி மேல நம்பர் எல்லாம் போட்டு கடைசில 11னு இருந்துச்சு. "மாருதிக்கு எல்லாம் இதான் சார் போகுது"ன்னான். அவன் சொன்னதும் பொய் இல்ல, அப்ப ஓடிட்டு இருந்த எம்பிஎஃப்ஐ வண்டிங்களுக்கு, அதான் கார்புரேட்டர் இல்லாம இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கிற வண்டிங்களுக்கு, அதான் போச்சு. என் வண்டி கார்புரேட்டர்னு நான் சொல்லல, அவனும் கேக்கல. வீட்டுக்கு வந்து பழச கழட்டி புதுச மாட்டி முடிச்சுட்டேன். கேப்பு, அதான் பிளக்கு முனைல கரண்ட்டு தாண்டுற சின்ன எடவெளி, அத அளந்தியான்னு கேட்டா, இல்ல. கம்பெனில இருந்து சீல் பிரிக்காம வர்ற புது சாமான், அத போய் எதுக்கு அளக்கணும்னு ஒரு மெதப்பு.

வத்தலகுண்டு வரைக்கும் வண்டி பறந்துச்சு. ஐடிலிங் (ஆக்சிலேட்டர் மிதிக்காம இன்ஜின் சும்மா ஓடுறது) முன்னவிட சும்மா மெத்துன்னு இருந்துச்சு, எனக்கு நானே முதுகுல தட்டிக்கிட்டேன். காட்ரோடு தாண்டி மலை ஏற ஆரம்பிச்சு ஒரு நாலஞ்சு வளைவு போயிருப்போம், ரெண்டாவது கியர்ல ஆக்சிலேட்டர அழுத்துறேன், டக்கு டக்குன்னு மிஸ்ஸிங் அடிக்குது, அதாவது சிலிண்டர்ல பெட்ரோல் பத்தாம விட்டு விட்டு போகுது, வண்டி ஆள முன்னும் பின்னுமா உலுக்குது, வீட்டம்மா டேஷ்போர்ட புடிச்சுக்கிட்டு என்னைய ஒரு பார்வ பாக்குறாங்க. கால லேசா எடுத்தா சரியாயிடுது. மறுபடி அழுத்துனா மறுபடி டக்கு டக்கு. டம்டம் பாறை வியூ பாயிண்ட் வர்றதுக்குள்ள மூணு தடவ நின்னு போச்சு.

அங்க நிறுத்தி பானட்ட தெறந்ததும் எங்கிருந்துதான் வருவாங்கன்னு தெரியல, சுத்தி எட்டு பேரு. வேப்பர் லாக்கு, சூட்டுல பெட்ரோல் ஆவியாகி வழிய அடைச்சுடுச்சுன்னு ஒருத்தரு, பெட்ரோல் பம்ப் மேல ஈரத்துணி போடுங்கன்னு இன்னொருத்தரு, பெட்ரோல்ல தண்ணி கலந்துருக்கும்னு ஒரு வேன் டிரைவரு. துணி நனைச்சு போட்டோம். இதுக்கு நடுவுல ஒரு குரங்கு வந்து பின்சீட்டுல இருந்த முறுக்கு பாக்கெட்ட தூக்கிட்டு போயிருச்சு, சின்னவன் ஒரே அழுகை. மிஸ்ஸிங் மட்டும் அப்படியே இருந்துச்சு.

அடுத்து வழியில ஒரு சின்ன ஷெட்டு, ஒரு தம்பி இருந்தான், நல்ல பையன்தான், அவன குத்தம் சொல்ல மாட்டேன். ஒரு பிளக்க கழட்டி, ஒயர்ல மாட்டி, இன்ஜின் மேல வச்சு செல்ப் அடிக்க சொன்னான். நீலக்கலர்ல சட்டு சட்டுன்னு கரண்ட்டு அடிக்குது. "கரண்ட்டு சூப்பரா இருக்குண்ணே, பிளக்குல ஒண்ணும் இல்ல, கார்புரேட்டர்தான் பிரச்சன. மேல போகப் போக காத்து கம்மியாகும்ல, மிக்சர் ரிச்சாயிடும், பெட்ரோல் கூடிப் போயிடும்"னு சொல்லி ஸ்க்ரூவ கொஞ்சம் திருகி விட்டான். அவன் சொன்ன விஷயம் உண்மைதான், கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம் கிட்ட இருக்கு, கார்புரேட்டர் வண்டி அங்க ரிச்சாத்தான் ஓடும். ஆனா நான் மிஸ்ஸிங் வாங்குனது அடிவாரத்துக்கு கொஞ்சம் மேலயே. அந்த நேரத்துல எனக்கு அது தோணல. பிளக்கு நல்லாருக்குன்னு கண்ணால பாத்தாச்சு இல்ல, அதோட பிளக்க நான் மறந்தே போயிட்டேன். அந்த ஒரு நீலக்கலர் பொறிதான் என்னைய அடுத்த மூணு வாரம் சுத்தல்ல விட்டுச்சு.

எப்படியோ முதல் கியரும் ரெண்டாவது கியருமா, காலு நோக லேசா மிதிச்சு மிதிச்சு உருட்டிக்கிட்டே போய் சேந்தோம். இறங்கும்போது ஒரு பிரச்சனையும் இல்ல, வண்டி குழந்தை மாதிரி வந்துச்சு.

ஊருக்கு வந்து ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டேன். கார்புரேட்டர் ஓவராலிங், கிட்டு, பெட்ரோல் ஃபில்டர்னு ஆயிரத்து எட்டுநூறு ஆச்சு. ஊருக்குள்ள ஓட்டுனா நல்லாருக்கு, ஒரு மேம்பாலத்துல நாலு பேர ஏத்திக்கிட்டு மூணாவது கியர்ல அழுத்தினா திரும்ப டக்கு டக்கு. மறுபடி போனா டேங்க் க்ளீன் பண்ணனும்னாங்க, பண்ணாங்க. பிளக்குக்கு கரண்ட்டு கொண்டு போற எச்டி ஒயர் மாத்தணும்னாங்க, மாத்துனாங்க. ஒயர் மாத்துனதுல கொஞ்சம் பரவாயில்ல, அப்பவாவது எனக்கு பொறி தட்டிருக்கணும், தட்டல.

அப்புறம் ஆபீஸ்ல கூட வேல பாக்குற ஒருத்தர் சொல்லி, நத்தம் ரோட்டு பக்கம் ஒரு பழைய ஷெட்டுக்கு போனேன். எழுபது வயசு இருக்கும் அந்த பெரியவருக்கு, அந்த காலத்துல டாக்ஸி ஸ்டாண்டு அம்பாசடருங்க எல்லாம் அவர்கிட்டதான் வருமாம். நான் போய் கார்புரேட்டர், டேங்க்குன்னு ஆரம்பிச்சதும் கைய காட்டி நிறுத்திட்டாரு.

"தம்பி, நிக்க வச்சு ரேஸ் பண்ணா மிஸ்ஸிங் இருக்கா?"

"இல்லைங்கய்யா, நல்லா போகுது."

"லோடு ஏத்தி அழுத்துனாத்தான்?"

"ஆமாங்கய்யா."

"அழுத்துன உடனேயா, இல்ல கொஞ்ச நேரம் இழுத்துட்டு அப்புறமா?"

யோசிச்சு பாத்தேன். "அழுத்துன உடனேங்கய்யா. கால எடுத்தா அந்த நிமிசமே நின்னுடுது."

"பிளக்கு எப்ப மாத்துன?"

சொன்னேன். சிரிச்சாரு. பெட்ரோல் பத்தலேன்னா அப்படியே மெதுவா தொய்ஞ்சு போகும் தம்பி, கொஞ்ச தூரம் இழுத்துட்டு அப்புறம்தான் மூச்சு வாங்கும், இப்படி கால் வச்சதும் சுளீர்னு வெட்டாதுன்னாரு. இது எல்லா வண்டிக்கும் நூத்துக்கு நூறு சரின்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா எனக்கு அதுக்கப்புறம் ரெண்டு தடவ உதவியிருக்கு.

மூணு பிளக்கையும் கழட்டினாரு. கழட்டுறதுக்கு முன்னாடி பிளக்க சுத்தி இருந்த மண்ண ஏர் வச்சு ஊதி விட்டாரு, இது நான் ஒரு நாளும் பண்ணது இல்ல, பிளக்க எடுத்ததும் அந்த மண்ணு நேரா சிலிண்டருக்குள்ளதான் விழும்னு அப்பத்தான் உறைச்சுது. ஷெட்டு மூலையில ஒரு பச்ச கலர் பொட்டி மாதிரி ஒண்ணு, பிளக்கு க்ளீன் பண்ற மிஷின், பழைய ஷெட்டுகள்ல பாத்துருப்பீங்க, ஒரு பக்கம் மணல் அடிச்சு க்ளீன் பண்ணும், இன்னொரு பக்கம் பிளக்க மாட்டி காத்து அழுத்தம் குடுத்து கரண்ட்டு அடிக்குதான்னு சின்ன கண்ணாடி வழியா பாக்கலாம். என்னோட புது பிளக்க அதுல மாட்டினாரு. அழுத்தம் இல்லாம சுச்சு போட்டா நீலக்கலர்ல பிரமாதமா அடிக்குது. "இதத்தான மலையில பாத்த?"ன்னாரு. காத்த ஏத்த ஏத்த முள்ளு மேல போகுது, பொறி மெலிஞ்சுக்கிட்டே வருது, ஒரு கட்டத்துல ஒண்ணு விட்டு ஒண்ணு விட்டு அடிக்குது, அப்புறம் சுத்தமா நின்னு போச்சு. எனக்கு வயித்துக்குள்ள என்னமோ பண்ணுச்சு. மூணு வாரம், குரங்கு தூக்குன முறுக்கு, கார்புரேட்டர், டேங்க்கு எல்லாம் அந்த கண்ணாடிக்குள்ள தெரிஞ்சுது.

அதே பிளக்க வெளிய எடுத்து, கேப்ப குறைச்சு, திரும்ப மாட்டி அதே அழுத்தத்துக்கு ஏத்துனாரு. விடாம அடிச்சுது.

இதுதான் விஷயம். பெட்டி மேல கடைசில இருந்த 11னா 1.1 மில்லிமீட்டர் கேப்புன்னு அர்த்தம். என் வண்டி மேனுவல்ல போட்டுருக்கறது 0.7ல இருந்து 0.8. வெறும் 0.3, 0.4 மில்லிமீட்டர் வித்தியாசம், தலமுடி நாலஞ்ச அடுக்கி வச்ச மாதிரி, அதுக்கா இவ்வளவு ஆட்டம்னு தோணும். காரணம் இதுதான். பேட்டரி 12 வோல்ட்ட காயில் ஆயிரக்கணக்கான வோல்ட்டா ஏத்தி அனுப்புது, அது பிளக்கு நடுவுல இருக்கற காத்து இடைவெளிய தாண்டணும். சாதாரண காத்துல ஒரு மில்லிமீட்டர் தாண்ட சுமாரா மூவாயிரம் வோல்ட்டு போதும். அதனாலதான் பிளக்க வெளிய எடுத்து இன்ஜின் மேல வச்சா எந்த பிளக்கும் பந்தாவா அடிக்கும். சிலிண்டருக்குள்ள அதே காத்து நசுங்கி இறுகிப் போய் இருக்கும், அப்ப அதே தூரத்த தாண்ட பல மடங்கு வோல்ட்டு வேணும். ஆக்சிலேட்டர முழுசா அழுத்துனா சிலிண்டருக்குள்ள நிறைய காத்து போகுது, இன்னும் இறுக்கம், இன்னும் வோல்ட்டு. ஐடிலிங்ல, இறக்கத்துல காத்து வழிய தெறந்து மூடுற த்ராட்டில் மூடி இருக்கறதால உள்ள காத்தே கம்மி, கரண்ட்டு ஈசியா தாண்டிடும். நான் மலை ஏறும்போது மாட்டுனதுக்கும் இறங்கும்போது குழந்தை மாதிரி வந்ததுக்கும் காரணம் இதான்.

சரி, அப்ப கேப்ப நல்லா குறைச்சு வச்சுட்டா சேஃப் தானேன்னு நானும் கேட்டேன். அதுவும் தப்பு. கேப்பு கம்மியா இருந்தா பொறி விழும், ஆனா சின்னதா விழும், பெட்ரோலும் காத்தும் கலந்தது அந்த சின்ன சந்துக்குள்ள கொஞ்சமாத்தான் இருக்கும், அதுல பத்துற நெருப்பு பக்கத்துல இருக்கற இரும்புல சூட்ட விட்டுட்டு அணைஞ்சு போயிடும். ஐடிலிங்ல தடுமாறும், காலைல ஸ்டார்ட்டிங் இழுக்கும், கரியும் சீக்கிரம் அடையும். நான் புதுசு போட்டதும் ஐடிலிங் மெத்துன்னு ஆச்சுன்னு சொன்னேன்ல, அது அந்த பெரிய கேப்போட வேலதான். சமதரையில ஜெயிச்சுது, மலையில காலை வாரிடுச்சு. கரெக்டா சொல்லணும்னா, காயில் புதுசா பவரா இருந்து, ஒயரும் நல்லா இருந்திருந்தா 1.1ஐ கூட தள்ளிருக்கும், எலெக்ட்ரானிக் இக்னிஷன் வண்டிங்களுக்கு அப்படித்தான குடுக்குறாங்க. இருபது வருஷ பழைய காயிலும் பாயின்ட்டும் வச்சுக்கிட்டு அத எதிர்பாத்தது என் தப்பு. ஒயர் மாத்துனதும் கொஞ்சம் பரவாயில்லாம ஆனதுக்கு அர்த்தமும் அதான், வழியில வீணாப் போன கரண்ட்டு கொஞ்சம் மிச்சமாச்சு.

அப்பா எப்படி கேப்பு பாப்பாருன்னு அந்த பெரியவர்கிட்ட சொன்னேன், இரும்பு அறுக்குற ஆக்ஸா பிளேட உள்ள விட்டு பாப்பாரு. அவருக்கு முகம் மலர்ந்து போச்சு. "அம்பாசடருக்கு அதுதான்யா கணக்கு"ன்னாரு. அப்புறம் வீட்டுல வெர்னியர் வச்சு அளந்தேன், சாதா ஆக்ஸா பிளேடு முதுகுப் பக்கம் 0.63, 0.65 மிமீ வருது. அம்பாசடர்ல இருந்த பழைய பிஎம்சி பெட்ரோல் இன்ஜினுக்கு பிளக் கேப்பு ஒரு இன்ச்சுல ஆயிரத்துல 25 பங்கு, அது 0.63 மிமீ. அட, அந்த காலத்து ஆளுங்க சும்மா பண்ணல. ஆனா பல்லு இருக்கற பக்கம் விடக்கூடாது, பல்லு ரெண்டு பக்கமும் விரிச்சு விட்டுருக்கும், அங்க தடிமன் கூட. அம்பாசடருக்கு சரியா இருந்த பிளேடு, மாருதிக்கு கொஞ்சம் கம்மி, இப்ப வர்ற வண்டிக்கு சுத்தமா ஆகாது. அப்பா ஆக்ஸா பிளேட விட்டா கொஞ்சம் லூசா வர்ற மாதிரி வைப்பாரு, அந்த லூசுலதான் 0.1 மிமீ ஒளிஞ்சுருந்துச்சு, அத அவரு எனக்கு சொல்லித் தரல, நானும் கேக்கல.

ஆத்திர அவசரத்துக்கு இன்னொண்ணு, ஏடிஎம் கார்டு. எந்த பேங்க் கார்டா இருந்தாலும் தடிமன் 0.76 மிமீ, உலகம் பூரா அதே அளவுதான். எழுத்து எம்போஸ் பண்ணாத ஓரத்த விட்டுப் பாத்தா 0.7, 0.8 கேக்குற வண்டிக்கு உரசுன மாதிரி நுழையணும். காலாவதியான கார்டா பாத்து விடுங்க, நான் ஓடிட்டு இருந்த கார்ட விட்டு கரி பண்ணி வீட்டம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

முறையா பண்ணனும்னா ஒரு கேஜ் வாங்கிடுங்க, பெரிய காசு இல்ல. அத வாங்கப் போனப்ப நடந்த கூத்து வேற. கடையில போய் "பிளக் கேப்பு பாக்குறது இருக்கா"ன்னு கேட்டேன், பையன் உள்ள போய் பிளக்கு தலையில மாட்டுற ரப்பர் கேப்ப கொண்டாந்து வச்சான். "இது இல்லப்பா, கேப்பு, கேப்பு"ங்கறேன். "இதான் சார் கேப்பு"ங்கறான். நம்ம எழுத்துல ரெண்டுக்கும் ஒரே கேப்புதான, வாயில சொன்னாலும் பாதி பேருக்கு ஒரே மாதிரிதான் வருது, கடைசில ரெண்டு விரல சேத்து சந்து காட்டி, "இந்த எடவெளி அளக்குற தகடு"ன்னு சொன்னதும் "ஓ பில்லர் கேஜா, அப்படி சொல்லுங்க சார்"னான்.

இந்த பில்லர் கேஜ்லயும் ஒரு விஷயம் இருக்கு. தகடு தகடா வர்றது புது பிளக்குக்கு நல்லாருக்கும். ஓடுன பிளக்குல பக்கத்துல கொக்கி மாதிரி ஒண்ணு வளைஞ்சு நிக்குது பாருங்க, அதுல அடிப்பக்கம் பள்ளமா தேஞ்சுருக்கும். தட்டையான தகடு அந்த பள்ளத்துல இறங்காது, மேல மேட்டுலயே உக்காந்துக்கிட்டு 0.8ன்னு சொல்லும், உண்மையான எடவெளி 0.95 இருக்கும். அதுக்கு கம்பி கேஜ்தான் சரி, உருண்டையா இருக்கறதால பள்ளத்துலயும் உக்காரும். இன்னொரு வகை இருக்கு, காசு மாதிரி வட்டமா ஓரத்துல சாய்வா தடிமன் ஏறிக்கிட்டே போகும், சாவிக்கொத்துல மாட்டிக்கலாம். பாக்க ஜோரா இருக்கும், ஆனா அத உள்ள விட்டு அழுத்தி கேப்ப பெருசு பண்றாங்க பாருங்க, அது தப்பு, நடுவுல இருக்கற முனையையும் அத சுத்தி இருக்கற வெள்ள பீங்கானையும் நெம்பிடும், பீங்கான்ல கண்ணுக்கு தெரியாம கீறல் விழுந்தா அந்த பிளக்கு குப்பைக்குத்தான்.

வளைக்கிறதுன்னா எப்பவும் பக்கத்து கொக்கிய மட்டும்தான். குறைக்கணும்னா ஒரு மரக்கட்ட மேலயோ ஸ்பேனர் மேலயோ கொக்கி படுற மாதிரி லேசா தட்டுனா போதும், சுத்தியல் எல்லாம் வேணாம். பெருசாக்கணும்னா கேஜ்ல இருக்கற கொக்கியால கொஞ்சம் கொஞ்சமா மேல தூக்கணும். ஒரே தடவைல வந்துடாது, தட்டு, அள, தட்டு, அள, இப்படித்தான். நான் முதல்ல தட்டும்போது 0.5க்கு போயிடுச்சு, அப்புறம் தூக்குனா 0.9, திரும்ப தட்டுனா 0.6, ஒரு டீ குடிக்கிற நேரம் இதே விளையாட்டு. ரொம்ப முன்னும் பின்னும் வளைச்சா கொக்கி அடியில பலவீனமாயிடும், உடைஞ்சு சிலிண்டருக்குள்ள விழுந்தா பிஸ்டனுக்கு சங்குதான், அதனால ரெண்டு மூணு வளைப்புல முடிக்க பழகிக்கணும். அளவு சரியா வந்ததுக்கு அடையாளம், கேஜ் லேசா உரசிக்கிட்டே போகணும், தொபுக்குன்னு விழவும் கூடாது, தள்ளி நுழைக்கவும் கூடாது. 0.75 போகணும், 0.85 போகக்கூடாது, இப்படி ரெண்டு பக்கமும் பாத்தா குழப்பமே இல்ல. பக்கத்துல இருந்து பாக்கும்போது கொக்கியும் நடுமுனையும் நேருக்கு நேரா, இணையா இருக்கணும், கோணிக்கிட்டு இருந்தா அளவு சரியா இருந்தும் பிரயோசனம் இல்ல.

மாட்டுறதுல பெரியவர் காட்டுன ஒரு விஷயம் எனக்கு ரொம்ப புடிச்சுது. பழைய பெட்ரோல் ஓஸ் ஒரு ஜாண் துண்டு, அத பிளக்கு வால்ல சொருகி, ஓஸ புடிச்சுக்கிட்டு திருகுறாரு. மரை சரியா புடிச்சா சொய்யுன்னு போகும், கோணலா போனா ஓஸ் வழுக்கி சுத்தும், மரை கெடாது. மாருதி 800 ஹெட்டு அலுமினியம், அதுல பிளக்கு மரைய கோணலா ஏத்திட்டா ஹெட்ட கழட்டி புஷ் போடுற செலவு, அதோட ஒப்பிட்டா ஓஸ் துண்டு ஓசி. இன்ஜின் ஆறுனதுக்கு அப்புறம்தான் கழட்டணும், சூட்டோட கழட்டுனா மரையோட வந்துடும். டைட் பண்றதுக்கு டார்க் ரெஞ்ச், அதான் இறுக்கத்த அளந்து காட்டுற ஸ்பேனர், இருந்தா நல்லது, நம்ம பிளக்கு 14 மிமீ மரை, வாஷர் வச்சது, அலுமினிய ஹெட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர் பக்கம். ரெஞ்ச் இல்லேன்னா, கையால முழுசா திருகி உக்காந்ததும் புது பிளக்குன்னா அரை சுத்துல இருந்து கொஞ்சம் கூட, அந்த வாஷர் நசுங்குறத கையே சொல்லும். பழைய பிளக்க திரும்ப மாட்டுறீங்கன்னா வாஷர் ஏற்கனவே நசுங்கியிருக்கும், கடிகாரத்துல சின்ன முள்ளு ஒரு மணி நேரத்துல நகர்ற அளவுக்கு ஒரு சின்ன திருகு, அவ்வளவுதான். புதுசுக்கு பண்றத பழசுக்கு பண்ணா மரை போயிடும். ஒயர ஒயர் புடிச்சு இழுக்காதீங்க, தலைய புடிச்சு இழுங்க, ஒண்ணொண்ணா மாத்துங்க, மூணையும் ஒரே நேரத்துல கழட்டிப் போட்டுட்டு ஃபயரிங் ஆர்டர் (எந்த சிலிண்டர் எந்த வரிசைல அடிக்கும்ங்கறது) 1-3-2ன்னு அப்புறம் தலைய சொறியாதீங்க. சொறிஞ்சுருக்கேன்.

அன்னைக்கு அவரு பாயின்ட்டையும் பாத்தாரு, அதுல கேப்பு 0.4, 0.5 இருக்கணும், அது குறைஞ்சு போய் பாயின்ட்டு கரண்ட்ட சுத்தமா வெட்டாம, காயில் ஒழுங்கா வோல்ட்டு ஏத்தாம இருந்துச்சுன்னாரு. எல்லாம் சேத்து நூத்தம்பது ரூபா கேட்டாரு. நான் இருநூறு குடுத்தேன், அம்பத திருப்பிக் குடுத்துட்டாரு.

பிளக்கு நம்பர் பத்தி ஒரு வார்த்த. எல்லா கம்பெனியும் ஒரே மாதிரி எழுதறது இல்ல. என்ஜிகேல நடுவுல வர்ற நம்பர் சூடு தாங்குற கணக்கு, நம்பர் கூடக்கூட பிளக்கு குளிர்ச்சியான ரகம், அதாவது சூட்ட சீக்கிரமா வெளிய கடத்தும், கோடு போட்டு 11னு இருந்தா 1.1 மிமீ. பாஷ்ல, பழைய ஆளுங்களுக்கு மைக்கோன்னாத்தான் தெரியும், அதுல நம்பர் கூடக்கூட சூடான ரகம், அப்படியே தலைகீழ். அதனால ஒரு கம்பெனி நம்பர வச்சுக்கிட்டு இன்னொரு கம்பெனில அதே நம்பர் வாங்குனா கத கந்தல். மேனுவல் இல்லேன்னா பானட்டுக்கு அடியில ஸ்டிக்கர் இருக்கான்னு பாருங்க, சில வண்டிகள்ல கேப்பு அளவு அதுலயே இருக்கும்.

கேஸ் கிட்டு போட்ட வண்டி வச்சிருக்கறவங்களுக்கு இந்த மிஸ்ஸிங் ரொம்ப சகஜம். எல்பிஜி, சிஎன்ஜி ரெண்டுக்கும் பெட்ரோல விட கூட வோல்ட்டு தேவப்படும், அதனால கிட்டு போடறவங்க பிளக் கேப்ப கொஞ்சம் குறைச்சு வைப்பாங்க. எங்க தெரு ஆட்டோக்காரர் ஒருத்தர் மாசா மாசம் கேப்பு பாப்பாரு, ஏன் இவ்வளவு மெனக்கெடுறாருன்னு முன்னாடி நெனச்சேன். ஓட ஓட ரெண்டு முனையும் தேயும், கேப்பு தானா பெருசாகும், கூர்மையா இருந்த ஓரமும் மழுங்கிடும், மழுங்குன ஓரத்துல இருந்து கரண்ட்டு தாவ இன்னும் கஷ்டம். அவரு வண்டி நாள் பூரா ஓடுது.

இவ்வளவும் கத்துக்கிட்டு நான் பெரிய ஆளாயிட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கும்போது 2019ல மச்சான் தன்னோட வண்டிய கொண்டாந்தான், சர்வீஸ் பண்ணிக் குடுங்க மாமான்னு. பிளக்க கழட்டிப் பாத்தா நடுமுனை ஊசி மாதிரி இருக்கு. இரிடியம். பழக்க தோஷத்துல கம்பி கேஜ நுழைச்சு, கொஞ்சம் டைட்டா இருக்கேன்னு ஒரு அழுத்து அழுத்துனேன், டிக்குன்னு ஒரு சத்தம். அந்த ஊசி முனை கேஜோட வந்துடுச்சு. இரிடியம் பிளக்குல நடுமுனை 0.6 மிமீ, டென்சோல சிலது 0.4 மிமீ கூட இருக்கு, கெட்டியான உலோகம்தான், ஆனா பக்கவாட்டுல நெம்புனா உடையும். அதுக்கு கேப்பு கம்பெனியே செட் பண்ணி, முனைக்கு அட்டைக் குழாய் மாட்டி அனுப்புறான், கண்ணால பாத்து, சந்தேகம் இருந்தா முனைல படாம கேஜ வெளிச்சத்துல புடிச்சு ஒப்பிட்டுப் பாக்கலாம், அவ்வளவுதான் நமக்கு வேல. கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் கிட்டயே கொண்டு போகக்கூடாது. ஒரு பிளக்கு மட்டும் மாத்தாம செட்டாவே வாங்கிக் குடுத்தேன், தங்கச்சி வீட்டுக்காரன் வேற, கணக்கு பாக்க முடியுமா.

அவன் வண்டில ஒண்ணு வசதி, மிஸ்ஸிங் அடிச்சா இன்ஜின் லைட்டு சிமிட்டும், ஸ்கேனர் மாட்டுனா பி0301னு வந்தா முதல் சிலிண்டர், பி0302ன்னா ரெண்டாவது, பி0300ன்னா எதுன்னு சொல்ல முடியாம அங்கங்க. லைட்டு சிமிட்டும்போது சரி வீட்டுக்கு போய் பாத்துக்கலாம்னு அழுத்தி ஓட்டாதீங்க, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் அங்க புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்ல எரிஞ்சு அத காலி பண்ணிடும், அதோட விலைய கேட்டா பிளக்கு செட்டு பத்து வாங்கலாம்.

அந்த மாருதிய இன்னும் வச்சிருக்கேன், எஃப்சி ரெனிவல் பண்ணி பண்ணி ஓடுது. அஞ்சாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவ மூணு பிளக்கையும் கழட்டி, பாத்து, அளந்து போடுவேன், பத்தாயிரத்துல புதுசு. புதுசையும் அளந்துதான். போன மாசம் வாங்குன மூணுல ரெண்டு 0.8, ஒண்ணு 0.6ல இருந்துச்சு, பெட்டி எங்கயோ கீழ விழுந்து கொக்கி அமுங்கியிருக்கும். கடைல அதே பையன்தான், இப்ப அவனே கடைய பாத்துக்கறான், தலை கொஞ்சம் நரைச்சுருக்கு. "அண்ணே பிளக்கு மூணு, கேப்பு ஒண்ணு"ன்னு சொல்லி அவனே சிரிச்சுக்கிட்டு ரப்பர் கேப்பயும் எடுத்து வச்சான். ரெண்டாவது சிலிண்டர் கேப்புல வெடிப்பு விட்டுருந்தது ஞாபகம் வந்துச்சு, சரி இருக்கட்டும்னு அதையும் வாங்கிக்கிட்டேன்.